கையெழுத்துக்கு முன் ஒரு மொழிப்பாடம்: தமிழருக்குச் சிங்களம் எங்கே எளிது, எங்கே இடறும்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். "இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு புள்ள" என்றார். ஒரு அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். தலைப்பிலிருந்து முத்திரை வரை சிங்களம்.

சற்று முன்புதான் அவர் மிச்சக் காசுக்காக நடத்துனரோடு சரளமான சிங்களத்தில் வாதாடியிருந்தார். ஆனால் எழுத்து தெரியாது. என் நிலைமை நேர் எதிர். படிக்கும் காலத்தில் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தேன். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பொருளும் பாதிதான் பிடிபடும். எனவே நான் ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தேன், அவர் பொருள் சொன்னார். சில சொற்கள் இருவருக்கும் புரியவில்லை. பசறை வந்து சேர்வதற்குள் விஷயம் ஒருவாறு தெளிந்தது: அவருடைய ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை, திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும்.

ஒரு பக்கக் கடிதத்தை வாசிக்க இரண்டு தமிழர்கள் தேவைப்பட்டோம். ஊவாவின் தோட்டங்களில் இது புதினமான காட்சி இல்லை. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என்று தோட்டம் தோட்டமாகச் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் வாழ்கிறவர்கள். காதால் கற்ற சிங்களம் பலரிடம் உண்டு. கடதாசியில் வரும் சிங்களம்தான் இல்லை.

வடக்கு கிழக்கில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இது அயல்வீட்டுக் கதை இல்லை. 1977 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். போரின்போதும் அதன் பின்பும் பிள்ளையைத் தேடி, கணவனைத் தேடி அலைந்தவர்கள் தங்களுக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் சிங்களம் கற்கப் போனால் எது எளிதாக வரும், எது காலை வாரும், எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் முயற்சி இது.

வேர் வேறு, வளர்ந்த வீடு ஒன்று

தமிழ் திராவிடக் குடும்பத்து மொழி. சிங்களம் இந்தோ - ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹிந்தி, வங்காளம், மராத்தி ஆகியவற்றின் உறவுக்காரி. அடிப்படைச் சொற்களில் இது தெரியும். எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ என்று ஒன்று முதல் ஐந்து வரை சிங்களத்தில் எண்ணும்போது தமிழோடு எந்த ஒட்டும் இல்லை. ஹிந்தியின் ஏக், தோ பக்கம்தான் அது நிற்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோக் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமானால் இந்த எண்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் ஒரே தீவில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. அதனால் சொல் வேறாக இருந்தாலும் வாக்கியத்தின் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. சிங்கள இலக்கணத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேம்ஸ் கெயார் போன்ற மொழியியலாளர்கள் இந்த நெருக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கண நூலான ‘சிதத் சங்கராவ’ தமிழ் வீரசோழியத்தின் தாக்கம் பெற்றது என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

இதை உலகில் நாம் அதிகம் கேள்விப்படும் இன்னொரு மொழிச் சோடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரஷ்ய மொழியும் உக்ரேனிய மொழியும் கிழக்கு ஸ்லாவியக் கிளையில் பிறந்த உடன்பிறப்புகள். இரண்டும் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுகின்றன. ஆயினும் உக்ரேனியத்தில் ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் ‘நெதிலியா’வுக்கு இணையான ரஷ்யச் சொல், ஒரு முழு வாரத்தைக் குறிக்கும். ‘சாஸ்’ என்றால் உக்ரேனியருக்கு நேரம், ரஷ்யருக்கு ஒரு மணித்தியாலம். இரு மக்களும் ஒன்றே என்று வாதிட்டு ரஷ்ய ஜனாதிபதி புட்டின் 2021 ஜூலையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஏழு மாதங்களில் படையெடுப்பு நடந்தது. அங்கே பிறப்பால் நெருங்கிய மொழிகள். இங்கே பிறப்பால் தூரம், பழக்கத்தால் நெருக்கம். மொழி நெருக்கம் போரைத் தடுக்கும் என்று நாம் நம்பத் தேவையில்லை. ஆனால் கற்பவருக்கு அந்த நெருக்கம் பெரிய உதவி.

சொல்லுக்குச் சொல் அடுக்கலாம்

ஆங்கிலம் கற்கும்போது நமக்கு முதலில் தடுமாறுவது சொற்களின் வரிசை. சிங்களத்தில் அந்தத் தொல்லை இல்லை. ‘நான் நாளைக்குப் பதுளைக்குப் போகிறேன்’ என்பது ‘மம ஹெட்ட பதுல்லட்ட யனவா.’ மம என்றால் நான், ஹெட்ட என்றால் நாளைக்கு, யனவா என்றால் போவது. பதுளையோடு நாம் ‘கு’ சேர்க்கும் இடத்தில் அவர்கள் ‘ட்ட’ போல ஒலிக்கும் ஓர் உருபைச் சேர்க்கிறார்கள். வரிசை ஒன்றேதான்.

‘நேற்று வந்த ஆள்’ என்பது ‘ஈயே ஆப்பு கெனா.’ ஈயே நேற்று, ஆப்பு வந்த, கெனா ஆள். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும் நம்முடைய அமைப்பு அப்படியே இருக்கிறது.

‘வருவேன் என்று சொன்னார்’ என்பது ‘எனவா கியலா கிவ்வா.’ நம்முடைய ‘என்று’ நிற்கும் இடத்தில் ‘கியலா’. நம்முடைய ‘என்று’ போலவே அதுவும் ‘சொல்லி’ என்ற பொருளிலிருந்து பிறந்தது.

கேள்விக்கு நாம் ‘ஆ’ சேர்க்கிறோம், அவர்கள் ‘த’ சேர்க்கிறார்கள். ‘நாளைக்கா?’ என்பது ‘ஹெட்டத?’. ‘எனக்குப் பசி’ என்பது ‘மட்ட படகினி’. ‘எனக்கு வேண்டும்’ என்பது ‘மட்ட ஓனெ’. ‘எனக்கு விளங்குகிறது’ என்பது ‘மட்ட தேரெனவா’. எல்லாவற்றிலும் நம்முடைய ‘எனக்கு’ போலவே ‘மட்ட’.

இந்தப் பழக்கத்தில் ஓர் இடத்தில் வழுக்கும். ‘எனக்குத் தெரியும்’ என்பதை ‘மட்ட’ என்று தொடங்கக்கூடாது. அது ‘மம தன்னவா’, அதாவது ‘நான் அறிவேன்’. ‘எனக்குச் சிங்களம் தெரியாது’ என்பது ‘மம சிங்ஹல தன்னே நே’. அலுவலகத்தில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான் என்பதால் பிழையில்லாமல் கற்றுக்கொள்வது நல்லது.

வினைச்சொல்: எளிதும் ஆபத்தும்

பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறாது. மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, அபி யனவா. நான், நீங்கள், அவர், நாங்கள் யார் போனாலும் ‘யனவா’ ஒன்றே. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று பழகிய நமக்கு இது விடுமுறை மாதிரி. தமிழ் கற்கும் சிங்களவருக்கு இதுவே தலைகீழாக நடக்கிறது. ‘அம்மா போறான்’ என்று ஒரு அலுவலர் சொன்னால் அது அவமரியாதையாக இருக்க வேண்டியதில்லை. அவருடைய மொழியில் அந்த வால் இல்லை, அவ்வளவுதான். சிரித்துவிட்டால் அடுத்த முறை அவர் தமிழில் வாயைத் திறக்கமாட்டார்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ‘நான் கோப்பையை உடைத்தேன்’ என்பது ‘மம கோப்பய கெடுவா’. ‘என் கையால் கோப்பை உடைந்தது’ என்பது ‘மகே அதின் கோப்பய கெடுனா’. செய்ததற்கும் நடந்துபோனதற்கும் நம் மொழியில் இருக்கும் அதே வேறுபாடு அங்கும் இருக்கிறது, ‘கையால்’ என்ற சொல் உட்பட. ஆனால் கேட்கும் காதுக்குக் கெடுவா, கெடுனா இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓர் எழுத்து. கோப்பை விஷயத்தில் பரவாயில்லை. விபத்து ஒன்றைப் பற்றியோ கைகலப்பு ஒன்றைப் பற்றியோ பொலிஸில் சொல்லும்போது அந்த ஓர் எழுத்து, வேண்டுமென்று செய்தவர் யார், தெரியாமல் நடந்தது எது என்பதை மாற்றிவிடும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கும்போது வினையின் முடிவைக் கவனிக்க வேண்டும்.

ஒலியும் பெயரும்

தமிழில் ‘க’ ஒரே எழுத்து. இடத்துக்கு ஏற்ப அழுத்தியும் மெல்லவும் ஒலிக்கிறோம். சிங்களத்தில் அழுத்தமான ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ட, த, ப ஆகியவற்றுக்கும் அப்படியே. அதனால் இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் தந்திருக்கும் சிங்களச் சொற்கள் வழிகாட்டிப் பலகைகள் மட்டுமே. சரியான ஒலியைப் பேசுகிறவரின் வாயிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

நமக்குப் புதிய ஒலிகள் இரண்டு. முதலாவது, ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் வாயை அகலத் திறந்து சொல்லும் உயிர். கிரிக்கெட் மட்டையைப் ‘பேட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் வருகிறதே, அதுதான். வேலைக்கான ‘வெட’, இல்லை என்பதற்கான ‘நே’, மேலே பார்த்த ‘கெடுவா’ ஆகியவற்றில் இருப்பது இந்த ஒலி. இரண்டாவது, ஒரு மூக்கொலி பாதியளவில் முன்னால் ஒட்டிக்கொள்ளும் மெய்கள். மாங்காயைக் குறிக்கும் ‘அம்ப’வில் ‘ம்’ முழுதாக ஒலிக்காது, தொட்டுவிட்டு ஓடிவிடும்.

நம்மிடம் இருந்து சிங்களத்தில் இல்லாதவைதான் மலையகத்தில் அதிக வினையை உண்டாக்கியிருக்கின்றன. சிங்களத்தில் ‘ழ’ இல்லை. ‘ள’ எழுத்தில் உண்டு, பேச்சில் ‘ல’வோடு கலந்துவிட்டது. ‘ண’வும் அப்படியே ‘ன’வோடு கலந்துவிட்டது. இனி, காதால் கேட்டு எழுதும் ஒரு எழுதுவினைஞர் முன்னால் ஒரு தொழிலாளி போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பழனியாண்டி ‘பலனியாண்டி’ ஆகிறார். வள்ளி ‘வல்லி’ ஆகிறார். அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார், மூன்றாமவர் அதைத் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவருகிறார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது பெயர். முப்பது வருடம் உழைத்துச் சேர்ந்த சேமலாபப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. பஸ்ஸில் நாங்கள் வாசித்த கடிதத்தின் கதையும் இதுதான்.

எனவே சிங்களத்தில் ஒருவர் முதலில் எழுதப் பழக வேண்டிய சொல் தன்னுடைய பெயர். ஒருமுறை தீர்மானித்து, பிள்ளைகளின் ஆவணங்களிலும் அதே எழுத்துகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் பெரிய அலைச்சல் மிச்சமாகும்.

எழுத்து பயமுறுத்துவது போல இல்லை

வட்ட வட்டமாகத் தெரியும் சிங்கள எழுத்தும் நம் எழுத்தும் பழைய பிராமியிலிருந்து வந்தவை. மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து உயிர்மெய் ஆகும் முறை ஒன்றே. ‘கெ’ எழுதும்போது நாம் மெய்க்கு இடப்பக்கத்தில் கொம்பு போடுகிறோம். சிங்களத்திலும் இடப்பக்கத்தில்தான் போடுகிறார்கள். அதன் பெயர் ‘கொம்புவ’. ‘கொ’ எழுத இரண்டு பக்கமும் குறி வருவதும் நம்மைப் போலவே.

கற்கச் சிறந்த பள்ளிக்கூடம் பஸ் நிலையமும் ரயில் நிலையமும். 1924 இல் பதுளைக்கு வந்த ரயில் பாதையில் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று பெயர்ப்பலகை ஒவ்வொன்றிலும் மூன்று மொழிகள் இருக்கின்றன. ஊர்ப்பெயர் நமக்குத் தெரியும். தெரிந்த ஒலிக்குத் தெரியாத எழுத்தைப் பொருத்தினால் போதும்.

அந்தப் பலகைகள் இன்னொரு விதியையும் சொல்லித்தரும். சிங்களத்தில் பதுல்ல, தமிழில் பதுளை. அவர்களுக்குப் பஸ்ஸர, நமக்குப் பசறை. லுணுகல லுணுகலையாகிறது, பண்டாரவெல பண்டாரவளையாகிறது. சிங்களச் சொல்லின் கடைசி உயிர் தமிழில் ‘ஐ’ ஆவது பெரும்பாலும் நடக்கிறது. இதே பொருத்தம் பொதுச் சொற்களிலும் உண்டு. கடே - கடை, முருங்கா - முருங்கை, மேசய - மேசை, கோப்பய - கோப்பை. ஊர்ப்பெயரின் துண்டுகளையும் பிரித்துப் பார்க்கலாம். ‘கல’ பாறை, ‘லுணு’ உப்பு, ‘வெல’ வயல், ‘எல’ ஓடை, ‘கொஸ்’ பலா, ‘வத்த’ தோட்டம். இத்தனை காலம் பொருள் தெரியாமல் சொல்லிவந்த ஊரின் பெயர் திடீரென்று பேசத் தொடங்கும்.

தெரிந்த சொல், வேறு பொருள்

இரு மொழியும் பகிரும் சொற்கள் ஏராளம். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போனவை முதலாளி, கங்காணி, கூலி, இடம் (அங்கே ‘இடம’ என்றால் காணி), இளந்தாரி, கொத்தமல்லி, தக்காளி. வடக்கில் சொல்லும் ‘கரைச்சல்’ சிங்களத்திலும் ‘கரச்சல்’தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இரு பக்கமும் விட்டுச்சென்றவை மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், கந்தோர். பேசுவதைச் சிங்களத்தில் ‘கதா கரனவா’ என்பார்கள். யாழ்ப்பாணத்தார் ‘கதைக்கிறது’ என்பதும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. மலையகத்தில் ‘பேசுறது’ என்போம். அதையே வடக்கில் சொன்னால் ஏசினதாக எடுத்துக்கொள்வார்கள். தமிழுக்குள்ளேயே இப்படி இருக்கும்போது இரு மொழிகளுக்கு இடையில் கேட்கவா வேண்டும்.

உறவுமுறையில் இரண்டும் ஒரே கணக்கு. அக்கா அங்கும் அக்காதான். மச்சினன் ‘மஸ்ஸினா’. பெரியம்மா ‘லொகு அம்மா’, சின்னம்மா ‘புஞ்சி அம்மா’. லொகு என்றால் பெரிய, புஞ்சி என்றால் சின்ன. ஆனால் ‘தாத்தா’ என்று சிங்களவர் சொன்னால் அது அப்பா. ‘அய்யா’ என்றால் அண்ணன். ‘பாப்பா’ போல ஒலிக்கும் சொல் சித்தப்பாவைக் குறிக்கும். குடும்ப விபரம் நிரப்பும்போது ‘தாத்தாவின் பெயர்’ என்று காதில் விழுந்து, பாட்டனாரின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆவணமே மாறிவிடும்.

இன்னும் சில கண்ணிகள்:

‘என்ன’ என்று ஒருவர் சொன்னால் அவர் கேள்வி கேட்கவில்லை, ‘வாங்க’ என்று கூப்பிடுகிறார்.

‘அவசர’ என்பது அனுமதி. அவசரம் என்று நினைத்து ஓட வேண்டியதில்லை.

‘உத்தர’ என்பது பதில். உத்தரவு இல்லை.

‘நீதிய’ என்பது சட்டம். சட்டத்தைச் சொல்லும்போது நமக்கு நீதி கிடைத்ததாகக் கேட்கும்.

‘சம்சார’ என்பது பிறவிச் சுழற்சி. வீட்டிலுள்ள சம்சாரத்தைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

ஊவாவில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று ‘அவதானம’. தமிழில் அவதானம் என்றால் கவனம், எச்சரிக்கையாக இரு என்பது. சிங்களத்தில் ‘அவதானம’ என்றால் அபாயம் நேரக்கூடிய நிலை. ‘நாயயாமே அவதானம’ என்று கேட்டால் ‘மண்சரிவைக் கவனியுங்கள்’ என்ற பொதுவான புத்திமதி போலத் தோன்றலாம். உண்மையில் அது ‘மண்சரிவு அபாயம் இருக்கிறது’ என்று சொல்கிறது. ‘இவத் வன்ன’ என்று சேர்ந்து வந்தால் ‘வெளியேறுங்கள்’. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததைக் கண்ட மாவட்டம் இது. மழைக்காலத்தில் இந்த மூன்று சொற்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எச்சரிக்கையைத் தமிழிலும் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஒலிபெருக்கி எந்த மொழியில் வந்தாலும் உயிர் தப்ப வேண்டும் என்பது அதற்கு முந்திய விஷயம்.

பேச்சுச் சிங்களம் வேறு, கடதாசிச் சிங்களம் வேறு

தமிழில் ‘போறேன்’ என்று பேசி ‘போகிறேன்’ என்று எழுதுகிறோம். சிங்களத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. பேச்சில் ‘மம யனவா’, எழுத்தில் ‘மம யமி’. பேச்சில் மாறாத வினை, எழுத்தில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பேச்சில் ‘ஓனெ’ என்பதற்கு எழுத்தில் ‘யுதுய’. எங்கள் கடிதத்தில் அந்த அம்மாவுக்கும் புரியாமல் போனது ‘இதிரிபத் களயுதுய’ என்ற முடிவுதான். ‘சமர்ப்பிக்க வேண்டும்’ என்பது அதன் பொருள். நாற்பது வருடம் சந்தையில் சிங்களம் பேசியவர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

படிவங்களில் திரும்பத் திரும்ப வருவன மிகச் சில: ‘நம’ பெயர், ‘லிபினய’ முகவரி, ‘உபன் தினய’ பிறந்த திகதி, ‘ஹெதுனும்பத்’ அடையாள அட்டை, ‘அங்கய’ இலக்கம், ‘அத்ஸன’ கையெழுத்து. இவற்றைக் கண்ணால் அடையாளம் காணப் பழகினாலே பாதிப் படிவம் திறந்துவிடும்.

கடைசிச் சொல்லான ‘அத்ஸன’வில்தான் நிற்க வேண்டும். நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இலங்கைத் தமிழர் மறக்கக்கூடாத மொழிப்பாடம். 1993 இல் கைதான அவருடைய வாக்குமூலம் என்று முன்வைக்கப்பட்ட ஆவணம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவர் சொன்னதை மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் தாளில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதன் அடிப்படையில் 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. 2004 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் குழு, நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதாக முடிவு செய்தது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவின் அடிப்படையில் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது. முழு வழக்கும் ஒரு தாளையும் ஒரு பெருவிரலையும் சுற்றியே நடந்தது.

சட்டத்தில் இருப்பது

சிங்களம் கற்றுக்கொள் என்று சொல்லும்போது நம்மில் பலருக்கு மனம் கசப்பது இயல்பு. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்தக் கசப்பின் தொடக்கம். அது கட்டளையாக வந்தது. 1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 டிசம்பரில் வந்த 16ஆவது திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியிலும் ஒருவர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதிலைத் தமிழில் பெறவும் உரிமை தந்தது. நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பாளரைத் தர வேண்டியது அரசின் பொறுப்பு. 1999 நவம்பரில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2007 ஜூலை முதல் புதிதாக அரச சேவையில் சேர்பவர் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

அப்படியானால் அந்தக் கடிதம் தமிழில்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உரிமை உண்டு என்று தெரிந்தவருக்கும், அந்த உரிமையைக் கேட்கும் வரை பொறுத்திருக்க முடியாத நாட்கள் இருக்கின்றன. சிங்களம் கற்பதை உரிமையை விட்டுக்கொடுப்பதாக நான் பார்க்கவில்லை. ‘மட்ட தெமள லியுமக் ஓனெ’, எனக்குத் தமிழில் கடிதம் வேண்டும் என்று சிங்களத்திலேயே கேட்கத் தெரிந்தவரை அலுவலகம் எளிதில் திருப்பி அனுப்பாது.

எங்கே தொடங்குவது

தோட்டத்தில் பிறந்து பேசத் தெரிந்தவர் எழுத்திலிருந்து தொடங்கலாம். முதலில் சொந்தப் பெயர், அடுத்து ஊர்ப்பலகை, பிறகு படிவச் சொற்கள். வடக்கிலிருந்து வந்து எழுத்து மட்டும் தெரிந்தவர் கடைத்தெருவில் தொடங்கலாம். எண், விலை, வழி கேட்பது. பாடசாலைகளில் இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடமாக இருக்கிறது. பிள்ளையின் அந்தப் புத்தகத்தைப் பெற்றோரும் சேர்ந்து படித்தால் செலவில்லாத வகுப்பு. பெரியவர்களுக்கு அரசகரும மொழிகள் திணைக்களமும், அகலவத்தையில் இயங்கும் மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன.

எவ்வளவு கற்றாலும் ஒரு விதியைக் கைவிட வேண்டாம். விளங்காத தாளில் ‘அத்ஸன’ என்ற சொல்லுக்கு நேரே பேனாவை வைக்காதீர்கள். ‘மட்ட தேரென்னே நே’, எனக்கு விளங்கவில்லை என்று சொல்லுங்கள். தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். வாசித்துக்காட்ட ஆள் இல்லை என்றால், தமிழில் எழுதித் தரக் கேளுங்கள்.

பசறையில் இறங்கும்போது அந்த அம்மா கடிதத்தை நாலாக மடித்து பையில் வைத்துக்கொண்டார். பெயரைத் திருத்த எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை அதன் பின்பக்கத்தில் நான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். "எம் பேர சிங்களத்துல எழுதிக் காட்டு புள்ள" என்றார். எழுதிக் காட்டினேன். விரலால் அந்த வட்டங்களின் மேல் ஒருமுறை எழுதிப் பார்த்தார். பிறகு தன் பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள் என்றும், இதை அவளிடம் கொடுத்து நாளைக்கே பழகப் போவதாகவும் சொல்லிவிட்டு இறங்கினார்.